தரம் 1 இல் யார் படிப்பிக்கிறார்?

பாடசாலை முன்னேற்றம் என்று பேச ஆரம்பித்தால் நம்மவர்கள் உடனே கட்டடம், கணினி அறை, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை, பதினோராம் தரத்தில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு என்று போய்விடுவார்கள். நான் முதலில் கேட்பது தரம் 1 இல் யார் படிப்பிக்கிறார் என்பதைத்தான். ஆசிரியர் பயிற்சியிலும் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளிலுமாக என் உத்தியோக காலம் முழுவதும் போயிருக்கிறது. ஆசிரியர் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தேன், பிறகு பல்கலைக்கழகத்தில் பட்டப்பின் டிப்ளோமா செய்ய வந்த ஆசிரியர்களுக்குப் படிப்பித்தேன், இடையில் பாடசாலை அபிவிருத்தித் திட்டங்கள் சிலவற்றிலும் வேலை செய்தேன். இத்தனையிலும் திரும்பத் திரும்பக் கண்ட விசயம் ஒன்றுதான்: வறுமை கூடிய இடத்துப் பாடசாலையில் மிகத் திறமையான ஆசிரியர் நிற்க வேண்டிய இடம் முதலாம் வகுப்பு. நாமோ அங்கே யார் மிச்சமோ அவரை விடுகிறோம்.

எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். டிசம்பரில் அதிபர் அடுத்த வருடத்து நேரசூசியைப் போட உட்காருகிறார். நல்ல கணித ஆசிரியர் பதினோராம் தரத்துக்குப் போகிறார், அதில் கேள்வியே இல்லை. ஆரம்பப் பிரிவில் யார் கெட்டிக்காரரோ, யார் பின்னேரமும் நின்று வகுப்பு வைப்பாரோ, அவர் ஐந்தாம் ஆண்டுக்கு. அடுத்தவர் நாலாம் ஆண்டுக்கு, ஏனென்றால் அடுத்த வருடம் அந்தப் பிள்ளைகள்தான் பரீட்சை எழுதப் போகிறார்கள். இப்படி மேலிருந்து நிரப்பிக்கொண்டு வந்தால் கடைசியில் தரம் 1 க்கு மிஞ்சுவது போன மாதம் நியமனம் கிடைத்து வந்த பிள்ளை, அல்லது உடம்பு முடியாத ஒருவர், அல்லது இடமாற்றத்துக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் ஒருவர். அதிபர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. வலயக் கூட்டத்தில் அவரிடம் கேட்கப்படுவது புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளிக்கு மேலே எத்தனை பேர், சாதாரண தரத்தில் எத்தனை சதவீதம் என்பதுதான். தரம் 2 முடிக்கும்போது எத்தனை பிள்ளை வாசிக்கிறது என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. கேட்கப்படுகிற கேள்விக்கு ஏற்றபடி அவர் ஆட்களைப் போடுகிறார்.

இதன் விளைவைப் பார்க்க வேண்டுமென்றால் ஆறாம் தரத்துக்குப் போக வேண்டும். கற்பித்தல் பயிற்சிக்கு வந்த மாணவ ஆசிரியர்களைப் பார்வையிடப் போகும்போது நான் பின்வரிசையில் உட்கார்ந்து பிள்ளைகளின் கொப்பியைப் பார்ப்பேன். எழுத்து முத்து முத்தாக இருக்கும், கோடு தாண்டாது, தலைப்புக்குக் கீழே சிவப்பால் அடிக்கோடு கூட இருக்கும். மெல்ல, "நீ எழுதினதை எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு" என்று கேட்டால் பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். கரும்பலகையில் இருப்பதை அப்படியே பார்த்து வரையப் பழகியிருக்கிறது, வாசிக்கப் பழகவில்லை. முன்னால் நிற்கிற மாணவ ஆசிரியரோ ஒளித்தொகுப்பு பற்றி அழகாக வரைபடம் ஒட்டி, ஐந்து நிமிட அறிமுகம், குழுச் செயற்பாடு, மதிப்பீடு என்று நாங்கள் சொல்லிக்கொடுத்த ஒழுங்கில் படிப்பித்துக்கொண்டிருப்பார். பாடத்திட்டக் கொப்பியில் எல்லாம் சரியாக இருக்கும். வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தின் ஒரு வரி கூட வாசிக்க வராது என்ற விசயம் மட்டும் அந்தக் கொப்பியில் எங்கேயும் இருக்காது.

இந்த நிலைமை எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இதைத் திருத்த முடியாது. 1920 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு, அதுவும் 6 முதல் 10 வயது வரைக்கும், படிப்புக்கு ஒழுங்கு செய்யும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்திடம் விட்டது. துரைமார் அதை எப்படிச் செய்தார்கள் என்பதற்கு இன்னும் சில தோட்டங்களில் நிற்கிற அந்த ஒற்றை மண்டபங்களே சாட்சி, அரைச் சுவர், தகரக் கூரை, எல்லா வகுப்புக்கும் ஒரே வாத்தியார். 1945 இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியிலேயே விடப்பட்டன. 1948 இல் குடியுரிமைச் சட்டம் வந்து இந்திய வம்சாவளித் தோட்ட மக்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது, 1964 இல் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்து குடும்பங்களைப் பிரித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றியது. ஒரு பிள்ளை இங்கே படிப்பதா அங்கே போவதா என்றே தெரியாத வீட்டில் படிப்பைப் பற்றி யார் என்ன திட்டம் போட்டிருக்க முடியும்? 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாகி, அதன்பின் எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்துதான் படிப்படியாகப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. அதாவது மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது நம் பிள்ளைகளுக்குக் கிடைக்க ஒரு தலைமுறை பிந்திவிட்டது.

அப்புறம் வந்த மாற்றங்களை நான் சிறிதாக நினைக்கவில்லை. எண்பதுகளில் சுவீடன் நாட்டு உதவியோடு கட்டடங்கள் வந்தன, ஆசிரியர்களுக்குப் பயிற்சி வந்தது. ஜேர்மன் உதவியில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழும்பியது, கொட்டகலை ஆசிரியர் கலாசாலை பயிற்சி இல்லாமல் சேவையில் இருந்தவர்களை எடுத்துப் பயிற்றியது. முன்பு யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் முதல் நியமனத்தில் வருகிற ஆசிரியர்களை நம்பித்தான் பல பாடசாலைகள் ஓடின. அவர்களில் அருமையானவர்கள் இருந்தார்கள், எனக்குப் படிப்பித்தவர்களே அவர்கள்தான், ஆனால் சொந்த ஊருக்கு மாற்றம் கிடைத்தால் போகத்தானே வேண்டும், குளிரிலும் அட்டைக்கடியிலும் எத்தனை காலம் வாடகை அறையில் இருப்பார்கள்? தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் ஆசிரியர்களாக வந்ததுதான் பெரிய திருப்பம். அவர்கள் நிற்பார்கள், வீடு இங்கேதான்.

2015 அளவில் ஆசிரிய உதவியாளர்கள் என்று ஒரு தொகுதியினரை எடுத்தார்கள். பள்ளியின் கடைசிப் பரீட்சையான உயர்தரம் சித்தியடைந்த இளம் பிள்ளைகள், மாதக் கொடுப்பனவு தொடக்கத்தில் 6,000 ரூபாய், பிறகு 10,000 ஆனது. அந்தக் காசில் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போக என்ன மிஞ்சும் என்று கேட்டுக் கேட்டு நாங்கள் களைத்துப்போனோம். அவர்களில் நிறையப் பேரைத் தரம் 1, 2 இலேயே போட்டார்கள், காரணம் நான் மேலே சொன்னதுதான், மிஞ்சிய இடம் அது. ஆனால் அங்கே நான் எதிர்பாராத ஒன்றைப் பார்த்தேன். அந்தப் பிள்ளைகளில் சிலர் எங்கள் டிப்ளோமாக்காரர்களை விடவும் சின்னப் பிள்ளைகளோடு நன்றாகப் பேசினார்கள். லயத்துப் பிள்ளை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுப் பிள்ளை, முதல் நாள் வந்து வாசலில் நின்று அழும்போது என்ன சொன்னால் உள்ளே வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிள்ளையின் பாட்டி யார், எந்த வீட்டில் அப்பா கொழும்பில் வேலை, எந்த வீட்டில் அம்மா வெளிநாடு போயிருக்கிறார், எல்லாம் தெரியும். தெரியாதது ஒன்றுதான், வாசிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்பது. அதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்காமலே வகுப்பில் விட்டுவிட்டார்கள். ஆகவே அவர்களும் தாங்கள் படித்த வழியிலேயே, சுவரில் நெடுங்கணக்கு அட்டையைத் தொங்கவிட்டு, குச்சியால் தொட்டுத் தொட்டு, அ, ஆ, இ, ஈ என்று ஒன்றாகச் சத்தம் போடவைத்தார்கள். பிள்ளைகள் அட்டையைப் பாட்டாகப் பாடுவார்கள், நடுவில் ஒரு எழுத்தைத் தொட்டால் தெரியாது.

தமிழில் 247 எழுத்து. அதை வரிசையாக முடித்துவிட்டுத்தான் வாசிப்பது என்றால் ஐந்து வயது முடிந்து வருகிற பிள்ளைக்கு முதல் ஒன்றரை வருடமும் அர்த்தமில்லாத சத்தமாகவே போகும். வீட்டில் கதைப்புத்தகமும் பத்திரிகையும் இருக்கிற பிள்ளை அதையும் தாண்டி எப்படியோ வாசிக்கப் பிடித்துக்கொள்ளும். லயத்து அறையான காம்பராவில் அச்சடித்த தாள் என்று நாட்காட்டி மட்டுமே இருக்கிற பிள்ளை பள்ளிக்கூடத்தை மட்டும்தான் நம்பியிருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், வசதியுள்ள இடத்தில் சுமாரான முதலாம் வகுப்பு ஆசிரியர் இருந்தாலும் ஒருமாதிரிச் சமாளிக்கலாம், தோட்டத்தில் சமாளிக்கவே முடியாது.

எங்கள் கல்லூரியில் ஒரு காலகட்டத்தில் கட்டுறுபயிலுநர்களை, அதாவது மூன்றாம் வருடம் பாடசாலைக்குப் போகிறவர்களை, எந்தப் பாடநெறியாக இருந்தாலும் முதல் சில வாரங்கள் தரம் 1 இல் இருக்க வைத்தோம். விஞ்ஞானக்காரர், கணிதக்காரர் எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். "சேர், நாங்க இடைநிலைக்குத்தானே போறோம், எங்களுக்கு எதுக்கு இது?" என்று ஒருவர் நேராகவே கேட்டார். கேள்வி நியாயமானது, ஆனால் பதிலை நான் வாயால் சொல்லாமல் ஒரு வேலை கொடுத்தேன். ஒவ்வொருவரும் ஒரே ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்தப் பிள்ளை சொல்கிற ஒரு வசனத்தைப் பெரிதாகத் தாளில் எழுத வேண்டும், அதைப் பிள்ளையிடமே வாசிக்கக் கொடுக்க வேண்டும். "அம்மா கொழுந்து எடுக்க போயிருச்சு" என்று ஒரு பிள்ளை சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்தபோது அது விரலை வைத்துக்கொண்டு வாசித்துவிட்டது, தான் சொன்னதுதானே, என்ன எழுதியிருக்கும் என்று அதற்குத் தெரியும். மறுநாள் அந்த வசனத்தை வெட்டித் துண்டுகளாக்கி அடுக்கச் சொன்னார்கள், அடுத்த நாள் 'அம்மா'வில் வருகிற எழுத்துகள் வேறு எங்கே வருகின்றன என்று தேடினார்கள். பேச்சுத் தமிழை எழுதிக்கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போகாதா என்று சில சக விரிவுரையாளர்கள் என்னோடு வாதாடினார்கள். பாடப்புத்தகத் தமிழ் மூன்றாம் தரத்துக்குள் தானாக வந்துவிடும் என்றேன், வரவும் வந்தது. வாசிக்கவே தெரியாமல் போனால் எந்தத் தமிழும் வராது. அந்த விஞ்ஞானக்கார மாணவர் பிறகு எட்டாம் தரத்துக்கு அனுப்பப்பட்டபோது முதல் வேலையாக எல்லாப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாசிக்க வைத்துப் பார்த்தார். ஆசிரியர் பயிற்சியில் இதைவிடப் பெரிய விசயம் எதையும் நான் சாதித்ததாக நினைக்கவில்லை.

இன்னொரு வேலையும் கொடுத்தோம், பெற்றோரிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு அந்தப் பிள்ளையோடு லயத்துக்குப் போய்வருவது. வறுமையைப் பார்த்துப் பரிதாபப்பட்டு வருவதற்கு இது தேவையில்லை, மாணவ ஆசிரியர்களில் பாதிப்பேர் அதே மாதிரி லயத்தில் பிறந்தவர்கள்தான். பார்க்கச் சொன்னது நேரத்தை. பள்ளி மணி அடிக்குமுன்பே அம்மா கூடையோடு மலைக்கு ஏறிவிடுகிறார். ஆறு வயசுப் பிள்ளைக்கு முகம் கழுவி, ரொட்டி கொடுத்து, சப்பாத்து மாட்டிவிடுவது பாட்டியோ பத்து வயசு அக்காவோதான். கொழுந்து கூடுதலாக வருகிற மாதங்களில் வேலையும் கூடும், அப்போது சின்னதைப் பார்த்துக்கொள்ள அக்கா பாடசாலைக்கு வரமாட்டாள். காமன் கூத்து, தோட்டத்துத் திருவிழா, சம்பளம் போடுகிற நாள், அடைமழை நாள், இவற்றில் வரவு இறங்கும். வரவு இடாப்பை ஒரு வருடத்துக்கு விரித்து வைத்துப் பார்த்தால் தோட்டத்து வருடம் அப்படியே அதில் தெரியும். தெரிந்தால் புதுப் பாடத்தை எந்த வாரத்தில் ஆரம்பிக்கக் கூடாது, எந்த வாரத்தில் மீட்டல் வைக்கலாம் என்று திட்டம் போடலாம். நல்ல தரம் 1 ஆசிரியர்கள் இதை ஏற்கெனவே மனக்கணக்காகச் செய்துகொண்டிருந்தார்கள், அவர்களிடமிருந்துதான் நாங்களும் படித்தோம்.

பெற்றோர் கூட்டம் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எனக்கு மிகவும் கோபம் வருகிற விசயம் இது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் வைப்பார்கள், வந்தவர்கள் நாலைந்து பேர், உடனே "தோட்டத்துப் பெற்றோருக்குப் பிள்ளையின் படிப்பில் அக்கறை இல்லை" என்று அறிக்கையில் எழுதுவார்கள். பத்து மணிக்கு மலையை விட்டு இறங்கினால் அந்த அம்மாவுக்கு அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான் விழும். நாள் சம்பளத்தை 1,000 ரூபாயாக்க எத்தனை வருடம் போராடினார்கள், 2021 இல்தான் அது வந்தது, அதிலும் பறித்த கொழுந்தின் கிலோ கணக்குச் சரியாக வந்தால்தான் முழுப்பேர். பாதிச் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து அதிபரின் பேச்சைக் கேட்க யாரால் முடியும்? ஒரு பாடசாலையில் தரம் 1 ஆசிரியை ஒருவர் கூட்டத்தைப் பின்னேரக் கொழுந்து நிறுவை முடிந்த பிறகு கோயில் மண்டபத்துக்கு மாற்றினார். கூடையை வெளியே வைத்துவிட்டு, தலையில் கட்டிய துணியை அவிழ்க்காமலே அம்மாமார் வந்து உட்கார்ந்தார்கள், இடம் போதவில்லை. அவர் நீண்ட பேச்சு ஒன்றும் பேசவில்லை, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரு பக்கம் வாசிக்க வைத்தார். ஒரு அம்மா என் பக்கத்தில் இருந்தவர், "எம்புள்ளயா சேர் இது, நெசமாவே பாத்துதான் படிக்கிதா, இல்ல பாடமா?" என்று கேட்டார். வேறு பக்கத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். பிள்ளை அதையும் வாசித்தது. படிப்பில் அக்கறை இல்லாத ஆள் அப்படிக் கேட்கமாட்டார்.

பட்டப்பின் டிப்ளோமா வகுப்பில் ஒவ்வொரு வருடமும் வருகிற வாதம் ஒன்று உண்டு. 1966 இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் வந்த அறிக்கை, பிள்ளையின் பெறுபேற்றைத் தீர்மானிப்பதில் பாடசாலையின் வசதிகளை விடக் குடும்பப் பின்னணிதான் பெரியது என்று சொன்னது. நம் ஆசிரியர்கள் இதைப் படித்ததும் பிடித்துக்கொள்வார்கள், "பாருங்க சேர், வீடு அப்படி இருக்கும்போது நாங்க என்ன செய்யிறது?" சரி, அப்படியென்றால் அதற்குப் பிறகு நடந்ததையும் படியுங்கள் என்பேன். ரொனால்ட் எட்மண்ட்ஸ் என்ற கறுப்பினக் கல்வியாளர் எழுபதுகளில் ஏழைப் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிற பாடசாலைகளைத் தேடிப்போய், அவை இருக்கின்றன, ஆகவே முடியாது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை என்று காட்டினார். ஜேம்ஸ் கோமர் என்ற மனநல மருத்துவர் 1968 இல் நியூ ஹேவன் நகரத்தில் இரண்டு ஆரம்பப் பாடசாலைகளில் பெற்றோரையும் ஆசிரியரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து வேலையைத் தொடங்கினார். அவர்கள் நாடு வேறு, பிரச்சினையும் முழுக்க ஒன்றல்ல. ஆனாலும் கோல்மனை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்வது வசதியான சோம்பேறித்தனம் என்று நான் அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

ஒரு பாடசாலையில் நான் சொன்னது முழுமையாக நடந்ததைப் பார்க்கிற வாய்ப்புக் கிடைத்தது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு சிறிய பாடசாலை, அதிபர் ஒரு பெண்மணி. ஐந்தாம் ஆண்டுக்குப் பேர்போன ஆசிரியையை எடுத்துத் தரம் 1 இல் போட்டு, அதே பிள்ளைகளோடு மூன்றாம் தரம் வரைக்கும் போக விட்டார். பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள், புலமைப்பரிசில் டீச்சரை ஏன் கீழே இறக்கினீர்கள் என்று. ஆசிரியையே முதலில் அதைத் தண்டனை என்றுதான் நினைத்தார், ஒரு வாரம் என்னோடும் பேசவில்லை. அடுத்த இரண்டு பரீட்சையிலும் அந்தப் பாடசாலையில் ஒருவரும் வெட்டுப்புள்ளியைத் தாண்டவில்லை, மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதிபர் அசையவில்லை. அந்தத் தொகுதி ஐந்தாம் ஆண்டுக்கு வந்தபோது புலமைப்பரிசில் எடுத்தவர்கள் அப்படியொன்றும் அதிகமில்லை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆறாம் தரத்துக்குப் போனபோது எல்லாரும் வாசித்தார்கள். எல்லாரும். வரலாற்று ஆசிரியர் வகுப்பில் முதல்முறையாகப் புத்தகத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்க முடிந்தது என்று சொன்னார். இடைவிலகல் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், ஒன்பதாம் பத்தாம் தரத்தில் பிள்ளை கொழும்புக் கடைக்குப் போய்விடுகிறது என்கிறோம். வாசிக்கத் தெரியாமல் ஆறு மணித்தியாலம் வாங்கில் உட்கார்ந்திருப்பதை விடக் கடையில் நிற்பது மேல் என்று அந்தப் பிள்ளை நினைப்பதில் என்ன ஆச்சரியம்? பிறகு அந்த அதிபர் மாற்றலாகிப் போனார், வந்தவர் பழையபடி ஆசிரியையை ஐந்தாம் ஆண்டுக்கே தூக்கினார்.

கொரோனா வந்து 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது எல்லாரும் சாதாரண தரத்தையும் உயர்தரத்தையும் பற்றிக் கவலைப்பட்டார்கள். பெரிய பிள்ளைகள் சிக்னல் தேடி மலையுச்சிக்கு ஏறியதைப் பத்திரிகைகள் படம் போட்டன. அந்த வருடம் தரம் 1 க்கு வந்த பிள்ளைக்கு ஏறிப் போகவும் தெரியாது, வீட்டில் இருந்த ஒரே போன் அண்ணனுக்கு. 2022 இல் எரிபொருள் இல்லாமல் மறுபடியும் பாடசாலைகள் மூடுவதும் திறப்பதுமாக இருந்தன. அந்தப் பிள்ளைகள்தான் 2024 இல் ஐந்தாம் ஆண்டுப் பரீட்சை எழுதினார்கள். இப்போது அவர்கள் இடைநிலையில் இருக்கிறார்கள், அவர்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டிய வேலை இடைநிலை ஆசிரியர்களின் தலையில் விழுந்திருக்கிறது, அந்த வேலையை யாரும் அவர்களுக்குப் பயிற்றவில்லை.

இதில் பதவி உயர்வுச் சிக்கலும் சேர்கிறது. ஆரம்பப் பிரிவில் நன்றாகப் படிப்பிக்கிறவர் பட்டம் முடித்தவுடன் மேல் வகுப்புக்குப் போகவே பார்க்கிறார். ஊரிலும் அப்படித்தான் மதிப்பு, உயர்தரத்துக்குப் படிப்பிக்கிறவர் பெரிய ஆசிரியர், முதலாம் வகுப்புக்காரர் பிள்ளைக்காம்பரா, அதாவது தோட்டத்துப் பிள்ளைக் காப்பக, ஆயாவுக்கு ஒரு படி மேல். என் பழைய மாணவிகளில் மிகத் திறமையான ஒருவர் இரண்டாவது பட்டத்தையும் முடித்துவிட்டு, தரம் 1 லேயே இருக்கப்போகிறேன் என்று எழுதிக் கொடுத்தபோது, ஏதாவது பிரச்சினையா என்று அவரிடம் விசாரித்தார்களாம்.

மேலே சொன்ன பொகவந்தலாவை ஆசிரியை இப்போது ஆசிரிய ஆலோசகராக இருக்கிறார். பாடசாலை பாடசாலையாகப் போய்த் தரம் 1 வகுப்புகளில் உட்கார்ந்து, புதிதாக வந்தவர்களுக்குக் கூட இருந்து செய்து காட்டுகிறார். பிள்ளைகள் சொன்ன கதைகளை வைத்துச் சிறிய வாசிப்புப் புத்தகங்கள் தயாரிக்கிற வேலையில் நானும் சில பழைய மாணவர்களும் அவரோடு சேர்ந்திருக்கிறோம். இப்போதைக்குக் கையால் எழுதி போட்டோக் கொப்பி எடுக்கிறோம், தாள் விலைக்கு அது பெரிய செலவுதான். அடுத்த தவணைக்குள் தலவாக்கலையிலும் டிக்கோயாவிலும் சில பாடசாலைகளுக்காவது ஒரு பிள்ளைக்கு ஒரு தொகுதி என்று கொடுத்துவிட வேண்டும் என்பது கணக்கு. வீட்டுக்குக் கொண்டுபோகவும் விட வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருக்கிறார், கிழிந்தால் கிழியட்டும் என்கிறார்.